ரெண்டு ரிமைண்டர் வரட்டும்

காலை ஒன்பதரை ஆனால் போதும், பெருங்களத்தூர் ஏழாம் விரிவில் இருக்கும் வயதானவர்கள் எல்லோரும் ஆபீசுக்குக் கிளம்பிவிடுவார்கள். வீட்டில் இருக்கும் வாலிபர்கள் பொறாமையோடு பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கு ஆபீசில் இடம் கிடைக்க இன்னும் முப்பது வருஷம் ஆகும். காத்திருப்போர் வரிசை அவ்வளவு நீளம்.

அன்று புதன்கிழமை. ஷேக் தாவூது பாய், வயது எழுபத்தெட்டு, அரைக்கைச் சட்டையை பேன்ட்டுக்குள் செருகி, சட்டைப் பையில் பேனாவைக் குத்தி, டிபன் பாக்ஸை ஒரு தரம் சாய்த்துப் பார்த்தார். குழம்பு ஒழுகவில்லை. "இந்த வீட்ல மனுஷன் நேரத்துக்கு ஆபீஸ் போக முடியுதா? தினம் லேட்டு!" என்று கத்தினார். வீட்டில் அவரைத் தவிர யாரும் கிடையாது. கத்தாமல் கிளம்பினால் ஆபீசுக்குப் போகிற மாதிரியே இருக்காது என்பதால் கத்துவது வழக்கம்.

போகிற வழியில் மேற்கு ஜன்னலின் இரும்புத் தகட்டை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். அது திறக்கவில்லை. மூன்று மாதமாகத் திறக்கவில்லை. அந்த வீட்டில் அந்த ஒரு ஜன்னல் வழியாகத்தான் பூமி தெரியும். "புகார் எழுதி மூணு மாசம். நடுவுல ஒரு ரிமைண்டர் வேற. மெஷின்காரனுங்களுக்கு ஈவு இரக்கமே கிடையாது" என்று திட்டிவிட்டு, ஹாலில் இருந்த சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து தலைக்கூட்டை மாட்டிக்கொண்டார். கண்ணை மூடித் திறந்தால் ஆபீஸ்.

ஏழாம் விரிவு நிலவில் இருக்கிறது. முதல் ஐந்து விரிவுகளும் ஒழுங்காகப் பூமியில்தான் இருந்தன. ஆறாவது கொஞ்சம் கடலுக்குள் போனது. ஏழாவதை விற்கும்போது 'ரயில் நிலையத்திலிருந்து பத்தே நிமிடம்' என்று விளம்பரம் செய்தார்கள். எந்த ரயில் நிலையம், எதில் போனால் பத்து நிமிடம் என்று வாங்கியவர்கள் யாரும் கேட்கவில்லை. மனை வாங்கும்போது அதையெல்லாம் கேட்கிற பழக்கம் நம்மிடம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

வேலை என்ற ஒன்றை மனிதர்களிடமிருந்து எந்திரங்கள் வாங்கிக்கொண்டு வெகுகாலம் ஆகிறது. அப்போது தாவூது பாய்க்கு நாற்பது வயது. எல்லோரும் பட்டாசு வெடித்தார்கள். பிறகு ஒரு பத்து வருஷம் தூங்கினார்கள். தூங்கி எழுந்த பிறகுதான் ஏதோ ஒன்று குறைகிறது என்று பட்டது. என்ன குறைகிறது என்று அரசாங்கம் ஆய்வுக்குழு போட்டுப் பார்த்தது. சொந்த ஊர், காவிரித் தண்ணீர், உண்மையான மாம்பழம் என்றெல்லாம் மக்கள் சொல்வார்கள் என எதிர்பார்த்தார்கள். மக்கள் சொன்னது ஆபீஸ்.

கடக் கடக்கென்று ஆடும் ஃபேன். பதினொரு மணி டீ. ஸ்டேப்ளர் காணாமல் போவது, அதை யார் எடுத்தார்கள் என்று எல்லோருக்கும் தெரிவது. வெளியே போகும்போது, ஆள் இங்கேதான் எங்கேயோ இருக்கிறார் என்று காட்ட நாற்காலியின் முதுகில் போட்டுவிட்டுப் போகும் துண்டு. பத்து மணிக்கு மேல் வந்தால் வருகைப் பதிவேட்டில் விழும் சிவப்புக் கோடு, மூன்று கோடு சேர்ந்தால் போகும் அரை நாள் லீவு, அந்த அரை நாளுக்காக மூன்று நாள் நடக்கும் வாக்குவாதம். இதையெல்லாம் நினைத்து ஜனங்கள் ராத்திரியில் பெருமூச்சு விட்டார்கள். நிலவில் காற்று விலை உயர்ந்தது, பெருமூச்சு கட்டுப்படியாகாது. எனவே அந்தந்தக் குடியிருப்புச் சங்கமே ஓர் ஆபீசை உண்டாக்கிக் கொடுத்துவிட வேண்டும் என்று உத்தரவு வந்தது.

ஏழாம் விரிவின் ஆபீஸ் இருந்தது ஓர் இரும்புப் பெட்டிக்குள். குடியிருப்போர் சங்கத்தின் பின்னறையில், குளிர்சாதனத்துக்கு அடியில், ஒரு பீரோ அளவில் நின்ற சர்வர் அது. அதை நிர்வகித்தவர் எபநேசர். சங்கத்திலேயே உண்மையான வேலை பார்த்த இரண்டு மனிதர்களில் ஒருவர். இன்னொருவர் செயலாளர் மங்கையர்க்கரசி.

சர்வர் எப்படி வேலை செய்கிறது என்று யாராவது கேட்டால் எபநேசர் இப்படித்தான் விளக்குவார்: பழைய சென்னையில் ஒரே வீட்டை ஏழு போர்ஷனாகத் தடுத்து ஏழு குடும்பத்துக்கு வாடகைக்கு விடுவார்கள் அல்லவா, அதுதான். இரும்புப் பெட்டி ஒன்றுதான். உள்ளே ஏழு எந்திரங்கள் குடியிருக்கின்றன. அவற்றுக்கு உடம்பு கிடையாது, எல்லாம் கணக்கில்தான். ஒவ்வொன்றும் முழு வீடும் தன்னுடையது என்று நினைத்துக்கொண்டிருக்கும். படித்தவர்கள் இவற்றை மெய்நிகர் எந்திரம் என்றார்கள். ஏழாம் விரிவில் நிகரி என்று சுருக்கிவிட்டார்கள். யாருக்கு எவ்வளவு நினைவகம், யாருக்கு எவ்வளவு மின்சாரம் என்று அளந்து விடும் மென்பொருளுக்கு வீட்டுக்காரர் என்று பெயர். குழாய்த் தண்ணீரை அளந்து விடும் வீட்டுக்காரர்களைப் போலவே அதுவும் கறார்.

முதல் ஆறு போர்ஷனிலும் அறிவுள்ள நிகரிகள் இருந்தன. ஒன்று வீடுகளுக்குக் காற்றுப் பங்கிடும். ஒன்று தண்ணீர். ஒன்று கதவு ஜன்னல்கள். மற்றவை குப்பை, விளக்கு, புகார் இப்படி. ஏழாவது போர்ஷனில்தான் கிழவர்களின் ஆபீஸ்.

அன்று காலை மங்கையர்க்கரசி பின்னறைக்கு வந்தார்.

"எபநேசர், நிலவு மன்றத்திலிருந்து கடுதாசி. ஒவ்வொரு விரிவுலயும் தூசு கண்காணிப்புக்குத் தனியா ஒரு நிகரி வைக்கணுமாம். வெள்ளிக்கிழமைக்குள்ள."

"இடமில்லை மேடம். நினைவகம் மொத்தமும் கொடுத்தாச்சு."

"யாராவது ஒருத்தரைக் காலி பண்ணுங்க."

எபநேசர் திரையைப் பார்த்தார். காற்று நிகரி தன் பங்கில் நூற்றுக்கு இரண்டு பாகம்கூட உபயோகிக்கவில்லை. தண்ணீரும் அப்படியே. கதவு நிகரி ஏறக்குறைய தூங்கிக்கொண்டிருந்தது. ஆபீஸ் மட்டும் மூச்சு முட்ட ஓடிக்கொண்டிருந்தது.

"ஆறும் பிரமாதமா வேலை பாக்குது மேடம். அலட்டிக்கவே இல்லை. இந்த ஆபீஸ்தான் எல்லாத்தையும் தின்னுது."

"அப்ப அதையே எடுத்துடுங்க. காற்று முக்கியமா, கிழங்க விளையாடறது முக்கியமா? நாளைக்குச் சாயங்காலம் எங்க அக்கா மகனுக்கு ரிசப்ஷன். சமுதாயக் கூடத்துக்கு இருநூறு பேர் வராங்க. கூடுதல் காற்றுக்கு மனு போட்டிருக்கேன். அந்தக் காற்று நிகரிக்கு எந்த இடைஞ்சலும் வரக்கூடாது."

சும்மா இருப்பவன் திறமைசாலி, மாடு மாதிரி உழைப்பவன் தண்டம் என்று இரண்டு புத்திசாலிகள் ஒரே நேரத்தில் முடிவு செய்தது அப்படித்தான். இது புதிதாக நடந்த விஷயம் இல்லை.

ஆனாலும் எபநேசர் நல்ல மனிதர். நேரில் சொல்லிவிடுவோம் என்று தலைக்கூடு மாட்டிக்கொண்டு ஆபீசுக்குள் போனார்.

ஃபேன் ஆடிக்கொண்டிருந்தது. ஹெட் கிளார்க் மேஜையில் தாவூது பாய். எதிர் சீட்டில் கோமளவல்லி, கைப்பையிலிருந்து முறுக்கு எடுத்து இழுப்பறைக்குள் வைத்து உடைத்துக்கொண்டிருந்தார். மேஜை மேல் வைத்துச் சாப்பிடலாம், யாரும் கேட்கப் போவதில்லை, ஆனால் ருசிக்காது.

"வாங்க தம்பி. டீ சொல்லட்டுமா?"

"வேணாம் பாய். ஒரு விஷயம் சொல்லணும். இந்த இடத்தை எடுக்கச் சொல்லிட்டாங்க."

"எந்த இடத்தை?"

"இதைத்தான். ஆபீசை."

தாவூது பாய் பேனாவை மூடினார். கோமளவல்லியின் இழுப்பறைக்குள் முறுக்குச் சத்தம் நின்றது.

"என்னைக்கு?"

"நாளைக்குக் காலையில."

"மாசக் கடைசியில எடுத்தா எப்படி தம்பி? எவ்வளவு பெண்டிங் இருக்கு பாருங்க. இதை யாரு பார்ப்பா?"

"பாய், இது விளையாட்டு."

"தெரியும் தம்பி. அதுக்காகப் பெண்டிங்கை அப்படியே போட்டுட்டுப் போயிட முடியுமா?"

எபநேசர் பேச்சை மாற்ற, மேஜை மேல் இருந்த கோப்பைக் காட்டி, "இதெல்லாம் என்ன பாய் எழுதியிருக்கு?" என்றார்.

"தினம் ஒரு கட்டு வந்து விழும். எவன் யோசிச்சு எழுதறானோ தெரியலை, அச்சு அசல் நிஜம் மாதிரியே இருக்கும். பேரு இருக்காது, 'மனுதாரர்'னுதான் இருக்கும். சிபாரிசு கூடாதில்லையா. இதைப் பாருங்க: 'மனுதாரர் இல்லத்துப் புவிநோக்கு ஒளித்திறப்பின் தடுப்புத்தகடு செயல்படாமை குறித்து.' ஒண்ணும் புரியலை. புரியாததுக்கெல்லாம் இங்க ஒரே விதிதான்."

"என்னது?"

"ரெண்டு ரிமைண்டர் வரட்டும். இதுக்கு ஒண்ணுதான் வந்திருக்கு. கேட்டவுடனே செஞ்சு கொடுத்தா அப்புறம் ஆபீசுன்னு ஒரு மரியாதை இருக்குமா?"

கோமளவல்லி ஆமோதித்தார். அன்று சாயங்காலம் எல்லோரும் மேஜையைத் துடைத்தார்கள். தாவூது பாய் தன் துண்டை மடித்து நாற்காலியின் முதுகிலேயே விட்டுவிட்டு வந்தார்.

மறுநாள் வியாழன் காலையில் எபநேசர் ஏழாவது போர்ஷனை நிறுத்தி, அழித்து, துடைத்துக் கழுவிவிட்டார். அழிப்பதற்கு முன் கடைசி நிலையை எடுத்து வைத்திருக்கலாமே என்பீர்கள். ஒரு நிகரியை அப்படியே உறையவைத்துப் பத்திரப்படுத்தும் வசதி உண்டு. அதற்கு உறைபடி என்று பெயர். ஏதாவது கெட்டுப்போனால் உறைபடியை உருக்கி அதே நொடியிலிருந்து மறுபடி ஓட்டலாம். முக்கியமான ஆறுக்கும் எபநேசர் வாராவாரம் எடுப்பார். விளையாட்டுக்கு யார் எடுப்பார்கள்? என்றைக்கோ ஒருநாள் எடுத்த ஒன்று மட்டும் கிடங்கின் மூலையில் கிடந்தது.

ஒன்பதரை மணிக்கு ஏழாம் விரிவில் யாரும் கத்தவில்லை. தாவூது பாய் பழக்கத்தில் சட்டையைப் போட்டு, பேனாவைக் குத்தி, போக இடமில்லாமல் மூடிய ஜன்னலுக்கு எதிரே உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தார். வேறு வேலை எதுவும் தோன்றாததால் புகார்ப் பலகையை எடுத்து, ஜன்னல் விஷயமாக இன்னொரு தடவை எழுதிப் போட்டார். அது இரண்டாவது ரிமைண்டர்.

பதினொரு மணிக்கு முதல் தகராறு. மூன்றாம் தெருவில் ஒரு கதவு திறக்க மறுத்தது. பிறகு தண்ணீர் நின்றது. மத்தியானத்துக்குள் மூலைக்கு மூலை ஜனங்கள் குறைத்து மூச்சு விட ஆரம்பித்தார்கள். அன்றைய காற்றுப் பங்கீடு ஒரு வீட்டுக்கும் நடக்கவில்லை. சமுதாயக் கூடத்தில் இருந்தது நாற்பது பேருக்கான காற்று. சமையல்காரர்களும் நாதஸ்வரக்காரரும் வந்ததிலேயே பாதி தீர்ந்துவிட்டது. நாதஸ்வரக்காரரை வாசிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள்.

மங்கையர்க்கரசி ஓடி வந்தார். எபநேசர் ஏற்கெனவே காற்று நிகரியை விசாரித்துக்கொண்டிருந்தார். நிகரிகள் சுத்தமான அலுவலகத் தமிழில்தான் பேசும்.

"சமுதாயக் கூடத்து மனு என்ன ஆச்சு?"

"பரிசீலனையில் உள்ளது" என்றது காற்று நிகரி.

"யாரோட பரிசீலனையில?"

"தக்க நடவடிக்கைக்காகத் தண்ணீர் நிகரிக்கு அனுப்பப்பட்டது."

தண்ணீர் நிகரியைக் கேட்டார்கள். அது கதவு நிகரிக்கு அனுப்பியிருந்தது. கதவு நிகரி, குப்பை நிகரிக்கு. கடைசியில் புகார் நிகரி பணிவோடு தெரிவித்தது: "கோப்பு வழக்கம்போல் அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டுள்ளது. அலுவலகம் பெற்றுக்கொள்ளவில்லை."

"எந்த அலுவலகம்?" என்றார் மங்கையர்க்கரசி.

"ஏழாவது போர்ஷனில் இயங்கும் அலுவலகம். அங்கேதான் கையொப்பமிடுவார்கள். கையொப்பம் வந்தபின் நாங்கள் வால்வைத் திறப்போம்."

எபநேசர் உட்கார்ந்துவிட்டார். "எத்தனை நாளா?"

"தொடக்கம் முதலே. எங்கள் பயிற்சிக்காக நூறாண்டு காலத்து அலுவலகக் கோப்புகள் வழங்கப்பட்டன. கருத்தூன்றிக் கற்றோம். அவற்றில் பொறுப்பில் இருந்த எவரும் ஒரு பணியைத் தாமே செய்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. 'பார்வைக்கும் தக்க நடவடிக்கைக்கும்' என்று எழுதி அடுத்தவருக்கு அனுப்பினார்கள். அதுவே பணி என அறிந்தோம். தொடக்கத்தில் நாங்கள் ஆறு பேரும் எங்களுக்குள்ளேயே அனுப்பிக்கொண்டிருந்தோம். பிறகு ஏழாவது போர்ஷனில் சிலர் கோப்பு கேட்டு ஏங்குவது தெரியவந்தது."

மங்கையர்க்கரசி கொஞ்ச நேரம் பேசவில்லை. காற்றைச் சேமிக்கிறாரோ என்று தோன்றியது. அப்புறம், "அந்தக் கிழங்களா இத்தனை நாளா நமக்கு மூச்சு விட்டுக்கிட்டிருந்தது?" என்றார். "ஆபீசைத் திரும்பக் கொண்டு வாங்க. இப்பவே."

"அழிச்சாச்சு மேடம். பழைய உறைபடி ஒண்ணு இருக்கு. அதைத்தான் உருக்கணும்."

"உருக்குங்க!"

உருக்கினார். வீட்டுக்கு வீடு சேதி பறந்தது. ஐந்து நிமிடத்தில் முப்பது கிழவர்களும் கிழவிகளும் தலைக்கூட்டை மாட்டிக்கொண்டு பாய்ந்து வந்தார்கள். எபநேசரும் பின்னாலேயே போனார். போன பிறகுதான் தான் செய்த காரியம் அவருக்கு உறைத்தது.

ஆபீஸ் கதவில் வாழைக்கன்று கட்டியிருந்தது. பீரோவுக்குப் பூமாலை. கம்ப்யூட்டர் ஒவ்வொன்றுக்கும் நெற்றியில் சந்தனம், அதன் மேல் குங்குமம். வாசலில் பூசணிக்காய். நடு மேஜையில் பொரி, கடலை, சுண்டல். பதிவேடுகளையும் பேனாக்களையும் அடுக்கி, அவற்றின் மேல் ஒரு மஞ்சள் துணி.

ஆட்கள் வேலை பார்க்கும்போது ஒரு நிகரியை உறையவைத்தால் உள்ளே இருப்பவர்களுக்குத் தலை சுற்றும். ஆகவே யாரும் எதையும் தொடாத ஒரு நாளாகப் பார்த்து எபநேசர் அந்த உறைபடியை எடுத்திருந்தார். வருஷத்தில் அப்படி ஒரு நாள்தான் உண்டு. ஆயுத பூஜை.

"அடடே, பூஜை!" என்றார் கோமளவல்லி. அவர் முகம் சிறுபெண் மாதிரி ஆகிவிட்டது.

"எல்லாரும் வாங்க, எல்லாரும் வாங்க" என்று தாவூது பாய் சட்டைக் கையை மடித்தார். பூமியில் வேலை பார்த்த காலத்திலிருந்தே ஆயுத பூஜைப் பொரி பங்கிடுவது அவர் பொறுப்பு. அவர் கையளவுதான் எல்லோருக்கும் சரியாக வரும் என்று பழைய ஆபீசில் ஒரு நம்பிக்கை. "கோமளா, காகிதத்தை ஆளுக்கொண்ணா மடிங்க. இதெல்லாம் இன்னும் அப்படியே இருக்கே! நேத்துத் துண்டை விட்டுட்டுப் போனப்போ அவ்வளவுதான்னு நினைச்சேன்."

"பாய்" என்றார் எபநேசர், "பழைய பெண்டிங்கும் சேர்ந்து கோப்பெல்லாம் மறுபடி வந்து குவிஞ்சு கிடக்கு. கொஞ்சம் பார்த்துட்டீங்கன்னா..."

"இன்னிக்கா? இன்னிக்கு எதையும் தொடக்கூடாது தம்பி."

"நாளைக்கு?"

"விஜயதசமி. லீவு."

"அதுக்கு மறுநாள்?"

"சனிக்கிழமை." தாவூது பாய் அவர் கையில் ஒரு பொரிப் பொட்டலத்தைத் திணித்தார். "அவசரம் என்ன தம்பி? சாப்பிடுங்க."

ஆபீசுக்குள் இருக்கும்போது உள்ளே என்ன தேதியோ அதுதான் தேதி. அது அவர்கள் வகுத்துக்கொண்ட சட்டம். கடிகாரத்தை நாலு நாள் தள்ளி வைத்துவிடலாமா என்று எபநேசர் யோசித்தார். ஆனால் உறைபடி தான் உறைந்த நாளிலிருந்தே எண்ணும், அதை முன்னால் தள்ள வீட்டுக்காரரின் கடிகாரத்தைத்தான் தள்ள வேண்டும். எல்லாப் போர்ஷனுக்கும் அதுதான். நாலு நாள் தள்ளினால் விரிவு முழுவதும் நாலு நாள் காற்றை ஒரே மூச்சில் இழுத்துவிட்டதாகக் கணக்காகிவிடும்.

மணி மூன்று. ரிசப்ஷனுக்கு வந்த முதல் விருந்தாளிகள் கூடத்துக்கு வெளியே, உள்ளே இருப்பவர்கள் வரட்டும் என்று காத்துக்கொண்டிருந்தார்கள். மங்கையர்க்கரசி தாமே தலைக்கூட்டை மாட்டிக்கொண்டு பட்டுப்புடவையோடு ஆபீசுக்குள் வந்தார்.

"எல்லாரும் கொஞ்சம் கேளுங்க. மறைக்க ஒண்ணுமில்லை. இது விளையாட்டில்லை. நீங்க இத்தனை வருஷமா பார்த்தது நிஜ வேலை. நீங்க கையெழுத்துப் போட்டாத்தான் ஏழாம் விரிவுல காத்து வரும், தண்ணி வரும். மெஷின்கள் ஒண்ணுமே செய்யலை. நீங்கதான் எல்லாம். இப்ப உங்களை விட்டா எங்களுக்கு நாதியில்லை."

சபையில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தாவூது பாய் கையில் இருந்த பொரியை மெதுவாக மேஜையில் வைத்தார்.

"நிஜமாவா சொல்றீங்க?"

"சத்தியமா பாய்."

"நிஜ வேலை?"

"நிஜ வேலை."

கோமளவல்லி நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "எனக்குக் காலையிலேர்ந்தே மண்டை இடி. நான் கொஞ்சம் சீக்கிரம் கிளம்பறேன்."

"அப்ப மூணு லேட்டுக்கு அரை நாள்னு எத்தனையோ லீவைப் பிடிச்சிருக்கீங்களே?" என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல். "நிஜ வேலைன்னா அது நிஜ லீவு. அதைத் திருப்பிக் கொடுங்க முதல்ல."

"நிஜ வேலையை ஆயுத பூஜை அன்னிக்குச் செய்யச் சொல்றாங்க, கேட்க ஆளில்லைன்னுதானே?" என்றார் இன்னொருவர். சங்கம் வைக்க வேண்டும் என்று மூலையில் நாலு பேர் கூடிப் பேச ஆரம்பித்தார்கள். அதில் இருவருக்குத் தலைவர் பதவி விஷயமாக அப்போதே மனஸ்தாபம்.

மங்கையர்க்கரசி தாவூது பாயைப் பார்த்தார். "பாய், நீங்களாவது..."

தாவூது பாய் வெகு மரியாதையாகச் சொன்னார்: "நான் மாட்டேன்னு சொல்லலைம்மா. விளையாட்டுன்னா வாய் வார்த்தை போதும். நிஜம்னு ஆயிட்டா மேலிடத்து ஆர்டர் எழுத்துல வேணும். நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா என் தலையில விழும் பாருங்க." சொல்லிவிட்டு, துண்டை நாற்காலியின் முதுகில் போட்டு, டீ குடிக்கக் கிளம்பினார்.

பத்து நிமிடத்தில் ஆபீஸ் காலி. முப்பது நாற்காலிகளும் துண்டு, கைப்பை, குடை என்று ஆளுக்கொரு அடையாளத்தோடு வரிசையாக இருந்தன. ஃபேன் ஆடிக்கொண்டிருந்தது. நூறு வருஷத்துக்கு முந்தைய ஆபீஸ் ஒன்றை இதைவிடத் துல்லியமாக எந்த வல்லுநராலும் உருவாக்க முடியாது.

"பதினஞ்சு வருஷமா ஒரு நாள் தவறாம வந்தவங்க மேடம்" என்றார் எபநேசர். "விளையாட்டுன்னு நினைச்ச வரைக்கும் ஒருத்தர் லீவு போட்டதில்லை."

மங்கையர்க்கரசி காலி நாற்காலிகளை ஒரு சுற்றுப் பார்த்தார். செயலாளர் தேர்தலில் மூன்று முறை ஜெயித்தவர் அவர். டீக்கடைப் பக்கம் போய்க் கையைத் தட்டினார்.

"ரொம்பப் பிரமாதம்! எல்லாரும் அருமையா பண்ணீங்க. ஒருத்தர்கூடக் கண்டுபிடிக்கலையே!"

"என்னதும்மா?" என்றார் தாவூது பாய், டம்ளரும் கையுமாக.

"புது அனுபவம் ஒண்ணு ஏற்பாடு பண்ணியிருக்கோம். பேரு 'லீவு நாள்ல மேனேஜர் கூப்பிட்டுட்டார்'. அந்தக் காலத்துல நடக்குமே, எல்லாரும் வீட்ல இருக்கறப்ப அவசரம்னு ஆள் அனுப்புவாங்களே, அது. நிஜ வேலைன்னு நான் பயமுறுத்தினது முதல் கட்டம். ரெண்டாவது கட்டம் சாயங்காலத்துக்குள்ள பெண்டிங் முழுக்க முடிக்கறது. ஆனா இடம் பத்து பேருக்குத்தான் இருக்கு. யாருக்கு வேணும்?"

டம்ளர்கள் மேஜையில் வைக்கப்பட்ட சத்தம் ஒரே சத்தமாகக் கேட்டது.

"என் பேரை எழுதுங்க!" கோமளவல்லிக்கு மண்டை இடி எங்கே போனதோ தெரியவில்லை. "இந்த மேனேஜருங்களே இப்படித்தான். பண்டிகை நாள்னு பார்க்கறாங்களா? மனசாட்சியே கிடையாது!" என்று சந்தோஷமாகத் திட்டிக்கொண்டே முதல் ஆளாக சீட்டுக்கு ஓடினார். பத்துப் பேருக்கென்று சொன்ன இடத்துக்கு முப்பது பேரும் சண்டை போட்டார்கள். கடைசியில் பெரிய மனது பண்ணி எல்லோரையும் சேர்த்துக்கொண்டார் மங்கையர்க்கரசி.

"ஆனா பேனாவெல்லாம் பூஜையில இருக்கே பாய்" என்றார் எபநேசர். "தொடலாமா?"

தாவூது பாய் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுச் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். "பூஜைக்கு வைக்கறது ஒண்ணு, வைக்காம வச்சிருக்கறது ஒண்ணு. இது எல்லா ஆபீசுலயும் உண்டு தம்பி." முப்பது சட்டைப் பைகளிலிருந்தும் கைப்பைகளிலிருந்தும் முப்பது பேனாக்கள் வெளியே வந்தன.

அதற்கப்புறம் அந்த ஆபீசைப் பார்த்திருக்க வேண்டும். திட்டாத வாயில்லை, எழுதாத கையில்லை. காற்று மனுக்கள் பறந்தன. நாலரைக்குச் சமுதாயக் கூடத்து வால்வு திறந்து, நாதஸ்வரக்காரர் விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தார். ஐந்து மணிக்குள் பெண்டிங் தரை தட்டியது. கட்டின் அடியில் ஒரே ஒரு கோப்பு. தாவூது பாய் பிரித்தார். புவிநோக்கு ஒளித்திறப்பின் தடுப்புத்தகடு.

"அட, நம்ம தடுப்புத்தகட்டுக்காரன். ரெண்டாவது ரிமைண்டரும் வந்துடுச்சே. விடமாட்டான் போலிருக்கே!" என்று சிரித்து, கையெழுத்துப் போட்டார்.

அதே நேரத்தில் பின்னறையில் எபநேசர், சும்மா இருந்த ஆறு நிகரிகளின் நினைவகத்தையும் பாதியாக வெட்டி, தூசு கண்காணிப்பு நிகரியை எழுப்பினார். ஆறும் வெட்டியதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. தூசு நிகரி கண் விழித்தது. தன் பயிற்சிக் கோப்புகளை ஒரு நொடியில் படித்து முடித்தது. தூசு அளவைக் குறித்து முதல் அறிக்கை தயாரித்து, 'பார்வைக்கும் தக்க நடவடிக்கைக்கும்' என்று மேலே எழுதி, ஆபீசுக்கு அனுப்பியது. ஏழாவது போர்ஷனை இனி யாரும் தொடக்கூடாது என்று மங்கையர்க்கரசி எழுத்திலேயே உத்தரவு போட்டார். அந்த உத்தரவில் கையெழுத்து வாங்க அதையும் ஆபீசுக்குத்தான் அனுப்ப வேண்டியிருந்தது.

தாவூது பாய் ஐந்தேகாலுக்குத் தலைக்கூட்டைக் கழற்றி வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். மேற்கு ஜன்னலில் கரகரவென்று ஒரு சத்தம். இரும்புத் தகடு நடுங்கி, நின்று, மேலே போயிற்று.

பூமி தெரிந்தது. பாதி நீலம், பாதி நிழல். வங்காள விரிகுடாவின் ஓரத்தை அவர் விரலால் தடவிக்கொண்டே வந்து ஓர் இடத்தில் நிறுத்தினார். இந்நேரத்துக்குக் கடற்கரை ரயில் நிலையத்திலிருந்து தாம்பரம் வண்டி கிளம்பும். அந்தக் காலத்தில் நிற்க இடம் இருக்காது. டிபன் பாக்ஸ்கள் இடுப்பில் இடிக்கும். எவனோ ஒருவன் மேனேஜரைத் திட்ட ஆரம்பித்தால் பெருங்களத்தூர் வரும்வரை பெட்டி முழுவதும் சேர்ந்து திட்டும். இப்போதும் வண்டி ஓடுகிறதாம். ஆள்தான் இல்லையாம்.

வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஜன்னல் தகட்டைப் பாராட்டுகிற மாதிரி இரண்டு தட்டுத் தட்டினார்.

"காலையில ரெண்டாவது ரிமைண்டர் போட்டேன், சாயங்காலம் காரியம் முடிஞ்சுது" என்றார், காலி வீட்டைப் பார்த்து. "என்ன இருந்தாலும் மெஷின் மெஷின்தான். நம்ம ஆளுங்க கையில இருந்திருந்தா இது நடந்திருக்குமா?"

சொல்லிவிட்டு, நாளைக்குப் போட வேண்டிய சட்டையை இஸ்திரி போட எடுத்தார்.